பதிவேட்டில் தொடங்கும் பாடம்

ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியா திரும்பினார். அரியலூர் மாவட்டக் கோயிலில் களவுபோன அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனியை, கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அது நம் ஊர்ச் சாமிதான் என்று நிறுவ உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஊர்ப்பெயரோடு சேர்த்துவைத்திருந்த பழைய புகைப்படங்கள். பொறுமையாக எழுதிவைத்த ஒரு குறிப்புக்கு அவ்வளவு வலிமை.

அருங்காட்சியகத்தில் காப்பாட்சியரிடம் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். கண்காட்சி அமைப்பதும் பார்வையாளருக்கு விளக்குவதும் பிறகு வரும். முதல் பாடம் பதிவேடு. பொருள் எங்கே கிடைத்தது, யார் தந்தார்கள், உயரம் எவ்வளவு, எந்த விரல் உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுத வேண்டும். சிலையைக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடிப்பகுதியை இரு கைகளாலும் தாங்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையுறை அணிந்துதான் உலோகத்தைத் தொட வேண்டும். செம்பில் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். அது வெண்கல நோயின் அறிகுறி. ஈரக்காற்றும் குளோரைடு உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். புத்தகத்தில் படித்த இதைக் கண் அறிய, சில வாரங்களாவது பொருள்களோடு பழக வேண்டும்.

1851-இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகம் இந்தத் தொழிலின் பெரிய பள்ளி. வேதியியலாளர் எஸ்.பரமசிவன் 1930-களில் அரித்துப்போன செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டது இங்கேதான். இங்கே தொல்லியல் காப்பாட்சியராக இருந்த சி.சிவராமமூர்த்தி, அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942-இல் வெளியிட்ட நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். பின்னாளில் அவர் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். இளமையில் கற்சிற்பங்களின் முன் நின்று பழகிய கண், அவரைக் கடைசிவரை வழிநடத்தியது.

காப்பாட்சியர் ஆக வரலாறு, தொல்லியல், கலை வரலாறு, வேதியியல் என எந்த வழியிலும் வரலாம். பரோடா பல்கலைக்கழகத்தில் 1952 முதலே அருங்காட்சியகவியல் படிப்பு இருக்கிறது. பட்டத்தோடு, 'இத்தனை பொருள்களை நானே அளந்து பதிவு செய்தேன்' என்று சொல்ல முடிகிறவருக்கு நேர்காணலில் தனி மதிப்பு உண்டு. ஆகவே பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதே, 'எந்தச் சேகரிப்பில், யாருடைய மேற்பார்வையில், என்ன வேலை?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊதியமில்லாப் பயிற்சி என்றால், நகரத்தில் தங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வர முடியும். கோயில் தேரையும் ஊர்க் குளத்துக் கல்வெட்டையும் பார்த்து வளர்ந்த கிராமத்துப் பிள்ளை வெளியே நின்றுவிடும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமான உதவித்தொகையையாவது கொடுங்கள். நம் பொருள்களை அடையாளம் காட்டும் அடுத்த குறிப்பை அந்தப் பிள்ளை எழுதட்டும்.