கொட்டும் பூச்சிகளால் நேரும் கடும் ஒவ்வாமை

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றின் பாறைச் சரிவுகளில் மலைத்தேனீக்கள் பெருங்கூடுகள் கட்டி வாழ்கின்றன. அவை கலைந்தெழுந்தால் மக்கள் புகுந்துகொள்வதற்கென்றே சிங்கபாதத் தளத்தில் வலைக்கூண்டு அமைக்கப்பட்டுள்ளது. வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் அத்தகைய கூண்டு ஏது? ஆதலின் கமக்காரர் ஆபத்தின் குறிகளை அறிந்திருத்தல் அவசியம்.

கொட்டிய இடம் மாத்திரம் வீங்கி வலித்தால் அது பெரும்பாலும் தானே தணியும். ஒரே கொட்டாயினும், சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு எழுதல், உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் என்பன தோன்றினால் அது கடும் ஒவ்வாமையாகும். தடிப்பு இன்றியே மயக்கம் வருதலும் உண்டு. முன்பு கொட்டியபோது ஒன்றும் நேரவில்லை என்று வாளாவிருத்தல் தவறு. அக்கொட்டினாலேயே உடல் ஒவ்வாமைக்கு ஆயத்தமாகியிருக்கக்கூடும்.

இதற்குரிய முதன் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றப்படும் அட்ரினலீன் ஊசியே. அரிப்புக்கு வழங்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. சுண்ணாம்பு பூசிக் காத்திருப்பதும் வீண். பூச்சிகளிடமிருந்து நோயாளியை அகற்றியதும் 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அதுவரை அவரைக் கிடத்திக் கால்களை உயர்த்தி வைத்தல் வேண்டும். மூச்சுத் திணறினால் கால்நீட்டி உட்காரவிடலாம். வரப்பு வழியே நடத்திச் செல்லலாகாது. எழுந்து நின்ற மாத்திரத்தே உயிர் பிரிந்ததுண்டு. பாயிலோ பலகையிலோ தூக்கியே செல்லல் வேண்டும்.

தேறிய பின்னும் குறிகள் மீளக்கூடுமாதலின், சில மணி நேரம் வைத்தியசாலையில் தங்குதல் தகும். ஒருமுறை இவ்வாறு நேர்ந்தவர் பின்னர் தனித்துப் பற்றை வெட்டச் செல்லாதிருப்பாராக. புதரில் குளவிக்கூடு உண்டோ எனப் பிறர் பார்த்த பின்னரே அவர் அங்கு கத்தி வைத்தல் நன்று.