கடல் கடந்து நாடகம் கற்றல்

கடல் கடந்து பொருள் ஈட்டுதல் தூத்துக்குடித் துறைமுகத்தார்க்குப் புதிதன்று. கலை கற்கக் கடல் கடத்தலோ இக்கால மாணவர்க்கு வாய்த்ததொரு புதுவழியாம். பல நாட்டு நாடகக் குழுவினர் ஓரிடத்துக் கூடித் தத்தம் நாடகங்களை நடிக்கும் பெருவிழாக்கள் இன்று உலகெங்கும் நிகழ்கின்றன. அவற்றால் மாணவர் பெறும் பயன் யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1947-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தின் எடின்பரோவிலும் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரிலும் இத்தகைய விழாக்கள் தோன்றின. எடின்பரோவுக்கு அழைப்புப் பெறாத எட்டுக் குழுவினர் தாமே சென்று நடித்தனர். அதுவே பின்னர்த் தனிப்பெரும் விழாவாக வளர்ந்தது. அவிஞ்ஞோனில் பழைய போப்பரசர் அரண்மனையின் திறந்த முற்றமே அரங்கமாயிற்று. 1985-இல் அந்நகருக்கு அண்மையிலுள்ள கற்குவாரி ஒன்றில் பீட்டர் புரூக் என்பார் நம் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக நடத்தினார். விடிய விடியக் கூத்துக் கண்டு பழகிய நமக்கு அந்நீளம் வியப்பன்று. பிறநாட்டார் பொறுமையுடன் அமர்ந்து அதனைக் கண்டதே வியப்பாம்.

நாடகத்தில் ஏட்டில் நிற்பது ஒரு பாதியே; மறுபாதி நடிகன் உடலிலும் குரலிலும் நிற்பது. நாம் மொழியறியாத நாடகமொன்றைக் காணுங்கால், சொல்லின் துணை நீங்கிவிடுகிறது. அப்போது நடையும் கையசைவும் தாளமும் மௌனமும் பொருள் உணர்த்தும் திறத்தைக் கண்கூடாக அறிகிறோம். இவ்வறிவை நூல்கள் தருதல் அரிது.

இதற்குச் சிறந்த சான்று நம் அண்டை நாட்டில் உளது. இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர், சிங்கள நாட்டுப்புற நாடகங்களை ஆராய்ந்தவர். 1955-இல் அவர் யப்பான் சென்று நோ, கபுக்கி என்னும் பழைய நாடகங்களைக் கண்டார். நோ அரங்கில் காட்சித் திரைகள் இல்லை. பாடுவோர் ஒருபுறம் அமர்ந்திருப்பர். பின்சுவரில் தேவதாரு மரம் ஒன்றே தீட்டப்பட்டிருக்கும். பழமை குன்றாமலே ஒரு கலை உயர்நிலையில் வாழக்கூடும் என்பதை அங்கு உணர்ந்த அவர், தாயகம் மீண்டு, ‘நாடகம’ என்னும் நாட்டுக்கூத்து முறையைத் தழுவி ‘மனமே’ என்னும் நாடகத்தை இயற்றினார். அது 1956 நவம்பர் 3-ஆம் நாள் கொழும்பில் அரங்கேறிச் சிங்கள நாடக வரலாற்றையே மாற்றிற்று.

இச்செய்தி நம் கரைக்கும் உரியது. கத்தோலிக்கத் தமிழர் அடியார் வரலாறுகளை ஆடிய கூத்தே சிங்களவரிடம் ‘நாடகம’ ஆயிற்று என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பேராசிரியர் சு. வித்தியானந்தனும் 1960-களில் பேராதனை மாணவரைக் கொண்டு ‘இராவணேசன்’ முதலிய தமிழ்க் கூத்துக்களைப் புதுப்பித்தார். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியிலேயே இரயிலை விட்டுக் கப்பலேறினர். தமிழ் நாடகக் குழுக்களும் இக்கடலைக் கடந்து இலங்கை சென்றுவந்தன. 1867-இல் இத்தூத்துக்குடிச் சீமையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவரே தமிழ் நாடகத் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள்.

ஆதலின், தம்மூர்க் கூத்தை இகழ்ந்து எடின்பரோ செல்பவர் ஆங்குக் காண்பது வேடிக்கையே. சரச்சந்திரர் தம் நாட்டுக் கலையை முன்னரே கற்றிருந்தமையால், அயலார் கலை அவர்க்கு வழிகாட்டிற்று. முத்துக்குளிப்போன் இடுப்பிற் கட்டிய கயிற்றைப் படகில் ஒருவன் பற்றியிருப்பதனாலன்றோ, அவன் அஞ்சாது ஆழம் செல்கிறான்! நம் கூத்தறிவே நமக்கு அக்கயிறு.

பொருள் வசதி குன்றிய மாணவரும் மனம் தளர வேண்டுவதில்லை. கேரள சங்கீத நாடக அகாதெமி 2008-இல் தொடங்கிய அனைத்துலக நாடக விழாவின் களம் திருச்சூரே; அது நமக்கு அண்மையிலுள்ளது. அங்குச் செல்லுமுன் நம் கடற்கரையூர்களில் கூத்தாடிய முதியோரைத் தேடிச் சென்று, அவர் பாடல்களையும் அடவுகளையும் கேட்டு எழுதிவைப்போமாக. அவர்கள் மறைந்தபின் அக்கல்வியை எந்நாட்டு விழாவும் நமக்கு அளிக்கவியலாது.