மருந்தடிப்பும் சட்டத்தின் பாதுகாப்பும்

தோட்டப்புறங்களில் களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் 'மருந்து' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். மருந்து என்பது நோயைப் போக்கி உயிரைக் காப்பது. பம்பில் நிரப்பி முதுகில் சுமந்து நாம் தெளிப்பதோ நஞ்சு. மலாய் மொழியில் இதற்குரிய சட்டப் பெயரே 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்னும் சொல்லில்தான் தொடங்குகின்றது. பெயரில் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டாலே, கையாளும் முறையில் பாதித் திருத்தம் வந்துவிடும்.

ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்துள்ளனர். இன்று அயல்நாட்டுத் தொழிலாளர்களும் பெருமளவில் இவ்வேலையில் ஈடுபட்டிருக்கின்றனர். இவர்களின் உடல் நலமும், தோட்டத்தின் வழியே ஓடும் ஆற்று நீரின் தூய்மையும் யாருடைய பொறுப்பு? இக்கேள்விக்குச் சட்டம் தரும் விடையை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருத்தல் நலம்.

பொறுப்பு யாருக்கு?

1974ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரு முக்கியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று பூச்சிக்கொல்லிச் சட்டம். மற்றொன்று சுற்றுச்சூழல் தரச் சட்டம். முதற் சட்டத்தின்கீழ் அமைந்ததே பூச்சிக்கொல்லி வாரியம். விவசாய இலாகாவின் தலைமை இயக்குநர் இதற்குத் தலைவர். சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளின் தலைவர்களும் இதில் இடம் பெறுகின்றனர். வாரியத்தில் பதிவு பெறாத நஞ்சை இந்நாட்டில் விற்கவோ பயன்படுத்தவோ இயலாது. அதனை விற்கும் கடைக்கும் உரிமம் தேவை. லேபிளில் கூறப்பட்டதற்கு மாறாகப் பயன்படுத்துவதும் குற்றமே.

ஆறுகளையும் நீர்நிலைகளையும் மாசுபடுத்துவோர்மீது நடவடிக்கை எடுப்பது சுற்றுச்சூழல் இலாகாவின் பொறுப்பு. ஊராட்சி மன்றங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், ஓடைகளிலும் பொது வடிகால்களிலும் கழிவைக் கொட்டுவோரைத் தண்டிக்க மன்றங்களுக்கு அதிகாரம் வழங்குகின்றது. ஆகவே, காலிக் குப்பிகளை யாரேனும் ஓடையில் வீசக் கண்டால் மாவட்ட மன்றத்திடமோ நகராண்மைக் கழகத்திடமோ முறையிடலாம். வேலையிடத்தில் தொழிலாளியின் பாதுகாப்பை 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கவனித்துக்கொள்கின்றது.

பாராகுவாட் கற்பித்த பாடம்

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பாராகுவாட் களைக்கொல்லியின் வரலாறே சான்று. விலை மலிவு, தெளித்த சில மணி நேரத்திலேயே புல் வாடிவிடும். இவ்விரு காரணங்களால் அது தோட்டங்களில் பெரிதும் விரும்பப்பட்டது. ஆயினும், அது உடலுக்குள் சென்றுவிட்டால் முறிவு மருந்து இல்லை. சிறிதளவு விழுங்கினாலும் நுரையீரல் தழும்பேறி இறுகி, மூச்சடைத்து உயிர் போகும். கசியும் பம்பைச் சுமந்தவர்களுக்குத் தோல் புண்ணாயிற்று, நகங்கள் சிதைந்தன, மூக்கில் இரத்தம் வடிந்தது.

2002ஆம் ஆண்டில் இதனைப் படிப்படியாக விலக்க அரசாங்கம் முடிவு செய்தது. செம்பனைத் தொழில் துறையினர் செலவையும் வேலையாள் பற்றாக்குறையையும் எடுத்துக்காட்டியதோடு, மேலும் ஆய்வு தேவை என்றும் கோரினர். 2006ஆம் ஆண்டில் தடை தளர்த்தப்பட்டது. தொழிலாளர் நல அமைப்புகள் தொடர்ந்து குரல் எழுப்பின. முடிவில், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. முதல் முடிவுக்கும் இறுதித் தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அந்த ஆண்டுகளில் அதனைச் சுமந்த முதுகுகள் தொழிலாளர்களுடையவை என்பதை நாம் மறத்தலாகாது. இன்று எவரேனும் பழைய இருப்பு என்று கூறி அதனைக் கொடுத்தால் அது சட்ட விரோதமாகும்.

நிறம் சொல்லும் செய்தி

எழுத்தறியாதவரும் அபாயத்தை உணரும் பொருட்டு, லேபிளின் அடியில் நிறப்பட்டை அச்சிடப்படுகின்றது. கறுப்பு மிகக் கொடிய நஞ்சு. அதற்கு அடுத்தது சிவப்பு. மஞ்சள், நீலம், வெள்ளை என்று அபாயம் படிப்படியாகக் குறைகின்றது. வெள்ளைப் பட்டை என்றால் அஞ்ச வேண்டியதில்லை எனக் கருதுதல் தவறு. நாள்தோறும் உடலில் படுமானால் குறைந்த நஞ்சும் தீங்கு செய்யும்.

சில பூச்சிக்கொல்லிகள் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. தலைவலி, அதிக வியர்வை, வாயில் நீர் ஊறுதல், பார்வை மங்குதல் ஆகியவை அவற்றின் அறிகுறிகள். இவற்றை வெயிலின் களைப்பென்று எண்ணி வீட்டில் படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நஞ்சின் லேபிளை மருத்துவரிடம் காட்டுவது உயிரைக் காக்கும்.

தொழிலாளியின் உரிமையும் கடமையும்

கையுறை, காலணி, முகமூடி, கண்ணாடி ஆகியவற்றைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்காமல் வழங்குவதும், பயிற்சி அளிப்பதும் நிர்வாகத்தின் கடமை. உடல் நலத்துக்குக் கேடான இரசாயனங்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிமுறைகள், அபாயத்தை மதிப்பிடவும், தேவையான இடங்களில் தொழிலாளரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பவும் முதலாளியைப் பணிக்கின்றன. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி அபாயம் உள்ள வேலையிடத்திலிருந்து விலகிச் செல்லும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. முதலில் அபாயத்தை முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். அவர் அதனை நீக்கத் தவறினால் விலகலாம்.

நம் பங்கும் சிறிதன்று. காற்றுக்கு எதிராகத் தெளித்தல் கூடாது. அடைபட்ட குழாய் முனையை வாயால் ஊதுதல் அறவே கூடாது. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். அவ்வுடையைத் தனியே துவைக்க வேண்டும். நஞ்சைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது வீட்டுக்குள் எமனை அழைப்பதற்கு ஒப்பாகும். காலிக் குப்பியை மும்முறை அலசி, அலசிய நீரைப் பம்பிலேயே ஊற்றி, குப்பியில் துளையிட்டு நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கவோ அரிசி வைக்கவோ அது ஒருபோதும் உதவாது.

ஆற்றோரத்தில் அதன் அகலத்துக்கேற்ப 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை ஒதுக்கு நிலம் விடப்படுகின்றது. அங்கே தெளிக்காதிருந்தால் கீழ்ப்புறத்தில் அந்நீரைப் பயன்படுத்தும் மக்கள் நலம் பெறுவர்.

நஞ்சு ஒன்றே வழியன்று

செம்பனைக் காய்களைக் கடித்து நாசம் செய்யும் எலிகளை அழிக்க, பல தோட்டங்களில் கூண்டுப் பெட்டிகள் வைத்துக் கூகைகளை வளர்க்கின்றனர். பூச்செடிகளை வரப்பிலே நட்டால், கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவிகள் அவற்றின் தேனை நாடி வருகின்றன. மண்ணை மூடிப் படரும் பயற்றங்கொடிகள் களையை அடக்குவதோடு மண்ணுக்கு உரமும் சேர்க்கின்றன. இவை யாவும் நஞ்சின் தேவையைக் குறைக்கும் வழிகள்.

வாரியம் பதிவு செய்யலாம். இலாகா சோதனை நடத்தலாம். மன்றம் அபராதம் விதிக்கலாம். ஆயினும், கசியும் பம்பை முதலில் காண்பவர் அதைச் சுமப்பவரே. அதனை அன்றைக்கே மண்டோரிடமும் பாதுகாப்புக் குழுவிடமும் அவர் எடுத்துச் சொல்லும்போதுதான் சட்டம் ஏட்டிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு வருகின்றது.