பாடம் குறைந்தால் படியும் போகுமா?

ஏழை மாணாக்கனுக்குச் சர்க்கார் பொருளுதவி செய்ய வேண்டுமென்பதை இன்று மறுப்பார் எவருமிலர். ஆனால் அவ்வுதவி எந்த நிபந்தனையின் பேரில் அளிக்கப்படுகிறது, எந்தக் கட்டத்தில் நிறுத்தப்படுகிறது என்பதைக் கவனிப்பவர் வெகு சிலரே. ஓர் உதவியின் யோக்கியதை அதன் தொகையில் மட்டும் இல்லை. அதன் நிபந்தனைகளிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அமலில் இருக்கும் மாணாக்கர் சகாயத் திட்டம் இவ்வுண்மைக்குத் தக்கதோர் உதாரணமாகும். கல்வி விஷயத்தில் சிரத்தையுள்ள நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டிய படிப்பினை அதில் இருப்பதால், அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

1969-ம் வருஷத்தில் அத்தேசத்தின் ஆதிக்குடி மாணாக்கருக்கென ஓர் உதவி ஏற்பட்டது; அதுவே இன்று 'ஆப்ஸ்டடி' என வழங்குகிறது. 1974-ல் விட்லம் மந்திரி சபை சர்வகலாசாலைக் கட்டணத்தையே ரத்துச் செய்தது. வறிய மாணாக்கரின் ஜீவனத்திற்கும் ஒரு படி வகுத்தது. 1987-ல் அதன் ஸ்தானத்தில் 'ஆஸ்டடி' வந்தது. 1989-ல் கட்டணம் மறுபடியும் தலையெடுத்தது. அதைக் கடனாக ஏற்றுக்கொண்டு, பிற்காலத்தில் வருமானம் ஓர் அளவை எட்டியபின் வரியோடு சேர்த்துச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. 1998 ஜூலை முதல் இளைஞருக்கு 'யூத் அலவன்ஸ்' என்ற திட்டம் நடைபெற்று வருகிறது. பொதுவாக 24 வயது வரையிலுள்ள மாணாக்கர் இதனையும், 25 வயதிற்கு மேற்பட்டோர் ஆஸ்டடியையும் பெறுவர். வீட்டைவிட்டுத் தனியே வாழும் மணமாகாத மாணாக்கனுக்கு, 2025-ம் வருஷ ஆரம்பத்தில், இரு வாரத்திற்கு 663 டாலர் 30 சென்ட் உச்ச அளவாக இருந்தது. இதைக்கொண்டுதான் வாடகை, உணவு, வண்டிச் சத்தம், புஸ்தகம் யாவும் நடக்க வேண்டும்.

இப்பொழுது நிபந்தனைக்கு வருவோம். 1991-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, படி பெறும் மாணாக்கன் முழுநேரமாகப் படிக்க வேண்டும். முழுநேரம் என்றால் என்ன? அப்பருவத்திற்குரிய முழுப் பாடச்சுமையில் முக்கால் பங்காவது, அதாவது நூற்றுக்கு 75, எடுத்திருக்க வேண்டும். அநேக சர்வகலாசாலைகளில் ஒரு பருவத்திற்கு நான்கு பாடங்கள். ஒன்றை விட்டால் மூன்று மிஞ்சும், அது சரியாக முக்கால் பங்கு, படிக்கு மோசமில்லை. இரண்டை விட்டாலோ பாதியாகிவிடும், படி நின்றுவிடும். பாடங்கள் எல்லாம் ஒரே கனமுடையவை அல்ல என்பதையும் மறக்கலாகாது. எண்ணிக்கையை அல்ல, கனத்தையே கணக்கிடுவர். ஆகையால் இரண்டு பாடத்தின் கனமுடைய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கைவிட்டவன், ஒன்றைத்தானே விட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இங்கேதான் அநீதி நுழைகிறது. பாடம் பாதியாகும்போது படியும் பாதியாவதில்லை, முழுவதும் போய்விடுகிறது. அதனோடு ஒட்டி வரும் வாடகை உதவியும் போகிறது. படிக்கட்டில் ஒரு படி இறங்குவதென்று எண்ணிக் காலை வைத்தவன் பாறையின் விளிம்பிலிருந்து கீழே விழுகிறான்.

பாடச்சுமையைக் குறைப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சோம்பேறிகளா? தாய் தந்தையரின் வியாதியைக் கவனிப்பவன் குறைக்கிறான். மனம் சோர்ந்து வைத்தியம் செய்துகொள்பவள் குறைக்கிறாள். படி போதாமையால் இரவெல்லாம் கடையிலோ உணவு விடுதியிலோ உழைத்துவிட்டுக் காலையில் வகுப்பில் உறங்குபவன் குறைக்கிறான். நான்கையும் எடுத்துத் தோற்பதைவிட இரண்டை எடுத்துத் தேறுவது மேல் என்பது புத்திசாலித்தனமான முடிவே. அந்தப் புத்திசாலித்தனத்திற்குத்தான் இவ்விதி தண்டனை விதிக்கிறது. விளைவு என்ன? படி நிற்குமென்று அஞ்சி, தாங்க முடியாத சுமையைத் தாங்குவதாகப் பாவனை செய்து, பருவ முடிவில் தோல்வியுற்று, தோற்ற பாடத்தின் கட்டணத்தையும் கடனாகச் சுமக்கிறார்கள். இதனால் சர்க்காருக்குத்தான் என்ன லாபம்?

சட்டத்தில் விலக்குகளே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இரண்டு விலக்குகள் இருக்கின்றன. கலாசாலையின் விதியாலோ, கலாசாலை அதிகாரி தக்க காரணம் காட்டிச் செய்யும் சிபார்சினாலோ சுமை குறைந்தால், மூன்றில் இரண்டு பங்கு போதுமென்பது ஒன்று. கணிசமான அங்கக் குறையோ மனோவியாதியோ உடையவருக்கு, தக்க அத்தாட்சியின் பேரில், கால் பங்கே போதுமென்பது மற்றொன்று.

முதல் விலக்கைப் பரிசீலித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். சம கனமுள்ள நான்கு பாடங்கள் கொண்ட பருவத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது ஏட்டுச் சுரைக்காய்தான். மூன்று பாடம் எடுத்தால் விலக்கே வேண்டியதில்லை. இரண்டு எடுத்தால் விலக்கும் உதவாது. பருவத்திற்கு மூன்று பாடமுள்ள படிப்பிலோ, பாடங்களின் கனம் மாறுபடும் படிப்பிலோதான் அதனால் பயன் உண்டு. இரண்டாவது விலக்கோ மெய்யான தர்மம். அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதுவே நமது வாதத்திற்கு அரணாகவும் நிற்கிறது. கால் பங்கு படிப்பவனுக்கு முழுப் படி கொடுக்கலாமென்று சட்டமே ஒப்புக்கொண்டபின், முக்கால் பங்கு என்பது மீற முடியாத வேதவாக்கு அல்லவென்பது தெளிவாகிறது. பாதி படிக்க வல்லவனுக்குப் பாதிப் படியேனும் கொடுப்பதற்கு என்ன தடை?

வேறோர் அபாயமும் உண்டு. பருவந்தோறும் 'சென்ஸஸ் தேதி' என ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அதற்கு முன் ஒரு பாடத்திலிருந்து விலகினால் அதன் கட்டணக் கடன் ஏறாது. இதை அறிந்த மாணாக்கர் அத்தேதிக்குள் விலகிவிட்டோம், தப்பினோம் என்று எண்ணிவிடுகின்றனர். படியின் கணக்கோ வேறு. சுமை குறைந்த செய்தியைப் படி வழங்கும் 'ஸர்வீஸஸ் ஆஸ்திரேலியா' இலாகாவிற்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கலாசாலைக்குச் சொன்னது இலாகாவிற்குச் சொன்னதாகாது. அறிவிக்கத் தவறினால், தகுதியிழந்த நாள் முதல் பெற்ற பணம் அனைத்தும் திருப்பிக் கட்ட வேண்டிய கடனாக மாறும். கட்டணத்திற்கு ஒரு கடிகாரம், படிக்கு வேறொரு கடிகாரம். இரண்டையும் பார்க்காதவன் இடையில் அகப்பட்டுக்கொள்கிறான். காலவரம்பு வேறு இருக்கிறது. படிப்பை முடிக்கக் குறைந்தபட்சம் தேவையான காலத்திற்குமேல் பொதுவாக ஒரு பருவமே அதிகமாக அனுமதிக்கப்படுகிறது. அதற்குமேல் நீண்டால் படி கிடைப்பது அரிது.

இலாகா கடன் என்று சொன்னால் ஏழைகள் நடுங்குவதற்குக் காரணமும் உண்டு. 2015-ல் வகுக்கப்பட்டு 2019 வரை நடந்த 'ரோபோடெட்' என்னும் ஏற்பாட்டில், வருஷ வருமானத்தை இரு வாரக் கூறுகளாகச் சராசரி போட்டு, யந்திரங்கள் கடன் நோட்டீஸுகளை அனுப்பின. படி பெற்ற மாணாக்கரும் அதில் சிக்கினர். அது சட்ட விரோதமென்று பின்னர் ஸ்தாபிக்கப்பட்டது. 2023 ஜூலையில் ராயல் கமிஷன் தன் அறிக்கையில் அதை வன்மையாகக் கண்டித்தது. அது வருமானத்தைப் பற்றிய விவகாரமே தவிர, பாடச்சுமையைப் பற்றியதன்று. ஆயினும் மனிதனின் நிலைமையை விசாரியாமல் எண்ணை மட்டும் பார்க்கும் நிர்வாகம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். வரி செலுத்துவோரின் பணம் மெய்யாகவே படிப்பவர்க்குத்தான் போக வேண்டும். பெயருக்கு ஒரு பாடம் எடுத்துவிட்டுப் படி வாங்குவதை அனுமதிக்கலாகாது. பகுதி நேரம் படிப்பவன் மிச்ச நேரத்தில் வேலை செய்யலாமே என்பர். முதலிரண்டும் நியாயமே. ஆனால் அவற்றிற்குப் பரிகாரம் படிப்பின் அளவுக்கேற்பப் படியை அளப்பதுதானே தவிர, ஒரு கோட்டைக் கிழித்து அதற்குக் கீழே எல்லாவற்றையும் பறிப்பதன்று. மூன்றாவது வாதம், மிச்ச நேரம் நோயாளியின் படுக்கையருகில் கழிகிறது என்பதை மறந்த வாதம்.

2024 பிப்ரவரியில் வெளியான சர்வகலாசாலைகள் ஒப்பந்த அறிக்கையும், பகுதி நேர மாணாக்கருக்கு இவ்வுதவியை விஸ்தரிக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. 2025 ஜூலை முதல் உபாத்தியாயர், நர்ஸு, மருத்துவச்சி, சமூக சேவைப் பயிற்சி பெறும் தகுதியுள்ள மாணாக்கருக்குப் பயிற்சிக் காலப் படி ஏற்பட்டிருக்கிறது. அது வரவேற்கத்தக்கதே; ஆயினும் அது இம்முக்கால் பங்கு விதியைத் தொடவில்லை.

அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதில் சம்பந்தமுண்டு. புதிதாக நிரந்தரக் குடியுரிமை பெற்றோர் இப்படிகளுக்குப் பொதுவாக நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும்; அகதிகளாக ஏற்கப்பட்டவர்க்கு அக்காத்திருப்பு இல்லை. காத்திருந்து பெற்ற உரிமையை அறியாமையால் இழக்கலாகாது. பாடத்தைக் கைவிடுமுன் மிஞ்சும் சுமை எத்தனை பங்கு என்று கலாசாலையில் எழுத்து மூலம் கேட்டறிக. விலக்கிற்கு இடமுண்டானால் முன்னதாகவே அத்தாட்சி பெறுக. மாறுதலை 14 நாட்களுக்குள் இலாகாவிற்குத் தெரிவித்து, தெரிவித்ததற்கு அடையாளம் வைத்துக்கொள்க.

பொது வாழ்வில் ஈடுபட்ட ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தேசத்திலாயினும் மாணாக்கர் உதவித் திட்டமொன்று அறிவிக்கப்படும்போது தொகையைக் கேட்டுக் கரகோஷம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. இடறி விழுந்தவனை அத்திட்டம் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். தடையின்றி ஓடுபவனுக்கு மட்டும் தண்ணீர் கொடுப்பது தர்மமாகாது. மெதுவாக நடப்பவனும் ஊர் போய்ச் சேர வேண்டியவனே.