பட்டான் கல்

‘ஹீரோ’ என்பது கிரேக்கச் சொல். ஹோமரின் காப்பியங்களில் அது போர் மறவரைக் குறித்தது. கிரேக்கரின் வழிபாட்டில் அதற்கு இன்னும் குறிப்பான பொருள் உண்டு: இறந்த பிறகு தன் கல்லறையில் பலியும் படையலும் பெறுபவன். ‘வீரன்’ வடமொழி வழி வந்தது; ஆண்மகனைக் குறிக்கும் லத்தீனின் ‘விர்’ அதற்கு உறவுச் சொல். ‘நாயகன்’ என்றால் நடத்திச் செல்பவன். தமிழ் தன் பங்குக்கு ‘மறவன்’ என்றது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பழைய கல்வெட்டுகளோ இவை எல்லாவற்றையும்விட எளிய ஒரு சொல்லைப் பொறித்து வைத்தன: ‘பட்டான்’. சண்டையில் விழுந்து இறந்தான் என்பதே அதன் பொருள்.

அம்மாவட்டத்தில், சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கத்தைக் கடந்து கிழக்கே ஓடி, தன் பெயரையே கொண்ட செய்யாறு நகரத்தை அடைந்து, பின்பு பாலாற்றில் கலக்கிறது. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் இதைச் சேயாறு என்கிறது. செங்கண்மா என்ற ஊரிலிருந்து ஆண்ட நன்னனைப் பாடுகிறது. அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, மறவர் பெயர் பொறித்து நட்ட கற்களையும் அந்நூல் காட்டுகிறது. ஆக, நடுகற்கள் சங்க காலத்திலேயே இப்பகுதியின் வழியடையாளங்களாக இருந்திருக்கின்றன.

கல் நடுவதற்கு முறை இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது: தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதை எடுத்து வருவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், பெரும்படை, வாழ்த்து. இளங்கோவடிகள் இந்தச் சடங்கை எவ்வளவு பெரிதாகக் கருதினார் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. வஞ்சிக் காண்டத்தின் காதைகள் சிலவற்றுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்றே பெயர். ஆநிரை காத்து விழுந்தவனுக்கு ஊரார் செய்ததை, இமயத்துக் கல் கொண்டு கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் செய்கிறான்.

பெரும்பாலான கற்களுக்குக் காரணம் மாடுகள்தாம். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. கால்நடையே செல்வமாக இருந்த காட்டோரச் சிற்றூர்களில் மந்தை பறிபோனால் பிழைப்பே போய்விடும். கல்வெட்டுகள் மந்தையைத் ‘தொறு’ என்கின்றன. தொறுவை மீட்டுப் பட்டவன், தொறுவைக் கவர்ந்து பட்டவன் இருவருக்குமே கல் உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ‘ஆகோள்’ பூசலைக் குறிக்கிறது. நடுகல் எழுத்துகளில் மிகப் பழையவை என இவற்றைச் சொல்லலாம்.

செங்கம் வட்டாரம் இதில் தனிச் சிறப்புடையது. பல்லவ அரசர் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் வட்டெழுத்துக் கற்கள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்டது. பல்லவ வரலாற்றுக்கே அது புது வெளிச்சம். அரசனின் பெயர் அந்தக் கற்களில் காலத்தைச் சொல்வதற்கு மட்டுமே வருகிறது. கல் யாருக்கு என்றால், செப்பேடுகளோ கோயில் சுவர்களோ ஒருபோதும் பெயர் சொல்லியிருக்காத ஓர் ஊர்க்காவலனுக்கு.

எடுத்தனூர்க் கல்லை இங்கே தனியே சொல்ல வேண்டும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு அது நடப்பட்டது. வீரனின் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று அந்த ஊருக்குத் தோன்றியிருக்கிறது! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறது. புலியோடு பொருது மாண்டவர்க்கும், தன் தலையைத் தானே அரிந்து பலி தந்தவர்க்கும் கற்கள் நடப்பட்டன. இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்ததும் உண்டு. அத்தகைய கொடைக்கு உதிரப்பட்டி என்று பெயர்.

இலக்கண நூல்கள் வளர்ந்தபோது வீரனைக் குறிக்கும் சொல்லின் பொருள் மேலேறிவிட்டது. பெருங்காப்பியத்துக்குத் தனக்கு நிகரில்லாத தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் விதித்தது. நாடகமும் சினிமாவும் அந்தத் தலைவனையே கதாநாயகனாக எடுத்துக்கொண்டன. எல்லாரையும் வென்று கடைசிக் காட்சி வரை உயிரோடு நிற்பவன் அவன். செங்கத்துக் கல்லில் இருப்பவனோ அம்பு தைத்து விழுந்தவன். தன் ஊருக்கு வெளியே பெயர் தெரியாதவன். கிரேக்கரின் கல்லறை வீரனுக்குத்தான் அவன் நெருங்கிய உறவு.

மீட்கப்பட்ட கற்களில் சில தருமபுரி அகழ்வைப்பகம் போன்ற இடங்களில் பாதுகாப்பாக உள்ளன. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் பல நட்ட இடத்திலேயே வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலும் பூசையும் பெறுகின்றன. எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் அற்றுப்போன பிறகும் படையல் நிற்கவில்லை. பல கற்கள் உடைபடாமல் தப்பியதற்கு அதுவே காரணம்.