ஜப்பானில் தூண், சீனாவில் சென்ட்ரிங் பலகை

பைன், ஸ்புரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களைத்தான் மர வணிகத்தில் மென்மரம் என்கிறார்கள். குளிர்ப் பிரதேசங்களில் நேராக, நெடுநெடுவென்று வளர்பவை. எடை குறைவு, ஆணி சுலபமாக இறங்கும். இவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கிக் குவித்த இரண்டு ஆசிய நாடுகள் ஜப்பானும் சீனாவும். ஆனால் ஒன்று வாங்கிய காலமும் காரணமும் வேறு, மற்றொன்றுடையது வேறு.

முதலில் வந்தது ஜப்பான். போர்க்காலத்தில் மொட்டையடிக்கப்பட்ட மலைகளில் அந்த நாடு சுகி, ஹினோக்கி என்ற ஊசியிலை மரக் கன்றுகளை விடாமல் நட்டது. அப்படி உருவான தோட்டக்காடுகள் சுமார் 1 கோடி ஹெக்டேர். கன்று தூணாக 40, 50 ஆண்டுகள் ஆகும்; நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கோ வீடு உடனே வேண்டும். 1964-ல் மரத்தடி இறக்குமதிக்கு இருந்த தடைகள் நீங்கின. இதற்கிடையே 1962 அக்டோபரில் ஒரு பெரும்புயல் அமெரிக்காவின் ஆரெகன், வாஷிங்டன் காடுகளைச் சாய்த்துவிட்டிருந்தது. விழுந்த மரம் கிடந்தால் உளுத்துப்போகும். வாங்க ஜப்பான் தயாராக இருந்தது. 1973-ல் மட்டும் அங்கே 19 லட்சம் வீடுகளுக்கு வேலை தொடங்கியது. இறக்குமதி மரம் குவியக் குவிய, நட்டு வளர்த்த சுகி விலைபோகாமல் மலையிலேயே நின்று, வசந்தம்தோறும் மகரந்தத்தைக் கொட்டி ஊரையே தும்ம வைத்தது. 2002 வாக்கில் ஜப்பானின் மரத்தேவையில் உள்நாட்டு மரத்தின் பங்கு 20 சதவீதம்கூட இல்லை.

சீனா அதுவரை பெரும்பாலும் தன் காடுகளையே வெட்டிக்கொண்டிருந்தது. 1998-ல் யாங்சி நதி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மேல்பகுதிக் காடுகளை அழித்ததும் வெள்ளத்துக்குக் காரணம் என்று பேச்சு எழுந்தது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. காட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, ஆனால் கட்டடம் கட்டுவது நிற்கவில்லை. மஞ்சூலி, சுய்ஃபென்ஹே எல்லை ஊர்கள் வழியாக ரஷ்ய மரத்தடிகள் ரயிலில் வந்து குவிந்தன. பத்தாண்டுகள் கழித்து, சீனா வாங்கிய மரத்தடிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தவை. ரஷ்யா ஏற்றுமதி வரியை உயர்த்தியதும் நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் அந்த இடத்தைப் பிடித்தது. 2022-ல் ரஷ்யா மென்மரத் தடி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது.

இந்தக் கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மரத்தடியை மட்டும் எண்ணினால் ஜப்பானின் இறக்குமதி படுத்துவிட்டதுபோல் தெரியும். அது பாதி உண்மைதான். 1990-களில் புள்ளி ஆந்தையைக் காக்க அமெரிக்கா தன் மேற்குக்கரைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் குறைத்தது. தடி வரத்து சுருங்கியது. 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு நன்கு உலர்த்திய, வளையாத மரம் வேண்டும் என்று வீடு கட்டுவோர் கேட்கலானார்கள். அதனால் ஐரோப்பாவிலிருந்து அறுத்து, உலர்த்தி, ஒட்டிய சட்டங்கள் வந்தன. 1 கன மீட்டர் அறுத்த மரத்துக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் தடி செலவாகும். ஆகவே எல்லாவற்றையும் தடிக்கணக்குக்கு மாற்றிய பிறகே இரு நாடுகளையும் ஒப்பிட வேண்டும். வெறும் கன மீட்டரை வைத்துப் போடும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை.

அளவைவிடப் பெரிய வேறுபாடு பயன்பாட்டில் இருக்கிறது. ஜப்பானில் மென்மரம்தான் வீடு: தூண், உத்தரம், கூரை எல்லாமே அது. ஆகவே கணு எங்கே, ஆண்டு வளையம் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சீனாவின் அடுக்குமாடிகள் கான்கிரீட். வாங்கும் பைனில் பெரும்பகுதி சென்ட்ரிங் அடிக்கவும் சரக்குப் பெட்டி செய்யவும் போகிறது. சில முறை பயன்பட்டதும் கழிவு. அதற்கு மட்டமான மரமே போதும். ஜப்பானில் மக்கள்தொகை குறையக் குறைய வீடு கட்டும் மரத்தின் தேவை மெல்லத்தான் இறங்கியது. சீனாவிலோ 2021-ல் வீட்டுமனைத் தொழில் சறுக்கியதும் அடி நேராக நியூசிலாந்தின் தோட்டக்காட்டு உரிமையாளர்கள் மேல் விழுந்தது.

ஜப்பானின் மலைகளில் நின்ற சுகி இப்போது முற்றிவிட்டது. உள்நாட்டு மரத்தின் பங்கு மறுபடி 40 சதவீதத்தை எட்டியிருக்கிறது. தூணுக்குத் தேறாத தடிகள் ககோஷிமாவின் ஷிபுஷி துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. அவற்றைப் பெரும்பாலும் வாங்குவது சீனா, சரக்குப் பெட்டிகள் செய்ய.