நின்றபடி ஒரு கூட்டம்: பேசுவது யார்?

கூட்டம் என்றதும் நமது திணைக்களங்களிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோரின் நினைவுக்கு வருவது வரிசையாக இடப்பட்ட கதிரைகளும், ஆறிப்போன தேநீரும், தலைவரின் நீண்ட உரையுமே. இதற்கு நேர்மாறான கூட்டம் ஒன்றும் உண்டு. அதில் கதிரைகள் இல்லை. வேலைத்தளத்திலேயே ஒரு பலகையின் முன்னால் கூடும் ஊழியர்கள், பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் நின்றபடி பேசிவிட்டுக் கலைந்து செல்வர். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை அடியொற்றி வளர்ந்து 'லீன்' எனப் பெயர்பெற்ற, விரயம் தவிர்க்கும் முகாமைத்துவத்தில் இது அன்றாடக் கடமையாகும். நமது நாட்டின் பெரிய ஆடைத் தொழிற்சாலைகளும் 2000களில் இம்முறையை நாடின.

தொழிலாளர் 'லைன்' என்றழைக்கும் தையல் வரிசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேற்றைய இலக்கு 800 சேர்ட்டுகள், தைக்கப்பட்டவை 710. பலகையில் இந்த இரு எண்களும் அருகருகே எழுதப்பட்டு, குறைவு சிவப்பு நிறத்தில் காட்டப்படும். தொண்ணூறு ஏன் குறைந்தது என்பதே அன்றைய முதற் கேள்வி. கொலர் தைக்கும் இயந்திரம் முற்பகலில் நாற்பது நிமிடங்கள் நின்றுவிட்டது, திருத்துநர் வேறொரு லைனில் இருந்தார் என அந்த இயந்திரத்தில் அமர்ந்திருந்த பெண் கூறுகிறார். இதனை யார் கவனிப்பது, எப்போதைக்குள் என்பது பலகையில் எழுதப்பட்டதும் அடுத்த விடயத்துக்குச் சென்றுவிட வேண்டும். இயந்திரத்தின் கோளாற்றை அங்கேயே நின்று ஆராயத் தொடங்கினால் கூட்டம் அரை மணித்தியாலம் நீளும். சம்பந்தமற்ற இருபது பேர் கால்வலியுடன் காத்திருப்பர். சம்பந்தப்பட்ட இருவர் பின்னர் பேசிக்கொள்ளலாம். லைன் மேற்பார்வையாளரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட பிரச்சினை, அதன் பின்னர் நடைபெறும் பிரிவுத் தலைவர்களின் கூட்டத்துக்கும், அங்கிருந்து முகாமையாளரின் கூட்டத்துக்கும் அன்றைய தினமே சென்றடைய வேண்டும்.

இவ்வளவும் எளிதானவையே. கடினமானது, அந்தப் பெண் வாய் திறந்து பேசுவதுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தொழில் தகராறுகள் மலிந்த ஒரு தொழிற்சாலையை 1982 இல் மூடியது. 1984 இல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தபோது, வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களிற் பெரும்பாலானோர் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. ஆனால் தரம் வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது. குறை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தும் உரிமை இம்முறை தொழிலாளிக்கு வழங்கப்பட்டிருந்தது. கயிறு இழுக்கப்பட்டதும் குழுத் தலைவர் வந்தது உதவி செய்வதற்கே, கண்டிப்பதற்கல்ல. காலைக் கூட்டமும் அந்தக் கயிற்றைப் போன்றதே. 'ஏன் நடந்தது?' என்ற கேள்வி 'யார் செய்தது?' என மாறிய மறுநாள் முதல் எவரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பலகையில் வாரக்கணக்கில் பச்சை நிறம் மட்டுமே தென்படுமாயின் முகாமையாளர் மகிழ்வதை விடுத்து ஐயுறுவதே பொருத்தம் என நாம் கருதுகிறோம்.

நமது சூழலில் மொழியும் இதில் கலந்துள்ளது. கட்டுநாயக்கவிலுள்ள சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வேலை தேடிச் செல்வோரில் வடக்கு, கிழக்கு, மலையகத்தைச் சேர்ந்த தமிழ்பேசும் பெண்களும் அடங்குவர். கூட்டம் சிங்களத்தில் மட்டும் நடைபெறுமாயின், இயந்திரத்தின் கோளாற்றை நன்கறிந்த அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்துவிட்டு நிற்பார். அது சம்மதம் எனக் கொள்ளப்படும்! இரு மொழியும் அறிந்த ஒருவரை லைனுக்கு ஒருவராக நியமிப்பது பெருஞ்செலவான காரியமல்ல.

மற்றொன்றையும் நாம் கூறியாக வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடங்களும் சம்பளத்துக்குரிய வேலைநேரத்துக்குள் அடங்க வேண்டும். ஏழரை மணிக்குத் தொடங்கும் வேலைக்கு ஏழேகாலுக்கே வந்து நிற்குமாறு பணிக்கப்படும் தொழிலாளி, ஆறு நாள் வாரமொன்றில் ஒன்றரை மணித்தியாலத்தை ஊதியமின்றிக் கொடுக்கிறார். விரயம் தவிர்ப்பதைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அந்தக் கணக்கையும் பலகையில் எழுதக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.